ஹெட்செட் மாட்டியிருக்கும் நேரத்தில்

தீக்காயப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு டிரெஸ்ஸிங் நேரம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தீப்பட்ட அன்றைய வலி ஒருமுறை வந்து போய்விடுகிறது. கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, செத்த தோலைச் சுரண்டி எடுத்து, மருந்து வைத்து மறுபடி கட்டும் வலி நாள்தோறும் வருகிறது. டிரெஸ்ஸிங் வண்டி உருண்டு வரும் சத்தம் கேட்டதுமே அழத் தொடங்கும் குழந்தைகளைப் பயிற்சிக் காலத்தில் பார்த்திருக்கிறேன். சும்மா படுத்திருக்கும் நேரத்து வலியை மார்பின் ஓரளவு அடக்கும். கட்டுப் பிரிக்கும் நேரத்தில் அது பல சமயம் போதாமல் போகிறது.

புண் ஆறத் தொடங்கியதும் எங்கள் வேலை வந்துவிடுகிறது. தீக்காயத் தழும்பு ஆற ஆறச் சுருங்கும். முழங்கையில் பட்டால் கை மடங்கியபடியே நின்றுவிடும். கழுத்தில் பட்டால் தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆகாமல் இருக்கப் புதுத் தோலைத் தினமும் இழுத்து நீட்ட வேண்டும். நான் இயன்முறை மருத்துவர். போதும் போதும் என்று நோயாளி கதறும்போது, இன்னும் கொஞ்சம் என்று இழுக்கிற கை என்னுடையது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த ஒரு முயற்சியைப் பற்றிப் படித்தபோது அது என் மனத்தில் அப்படியே தங்கிவிட்டதற்கு இதுதான் காரணம். அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்ட்டர் ஹாஃப்மன் என்ற உளவியல் ஆய்வாளர், சிலந்தியைக் கண்டால் நடுங்குகிறவர்களுக்காக 1990களில் ஒரு மெய்நிகர் சமையலறையை உருவாக்கியிருந்தார். கண்களை மூடியபடி திரை நிற்கும் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டால், கணினி காட்டும் அந்தச் சமையலறைக்குள்ளேயே நிற்பது போலிருக்கும். திரும்பிய பக்கமெல்லாம் அதுதான். அதே நகரின் ஹார்பர்வியூ மருத்துவமனையில், தீக்காய நோயாளிகளின் வலியைத் தணிக்க வழி தேடிக்கொண்டிருந்தவர் டேவிட் பேட்டர்சன். இருவரும் சேர்ந்து அந்தச் சமையலறையையே தீக்காய நோயாளிகளுக்குக் காட்டிப் பார்த்தார்கள்.

2000ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய அறிக்கையில் இருப்பவர்கள் இரண்டே பேர், 16 வயதிலும் 17 வயதிலும். காயத்துக்குச் சிகிச்சை நடக்கும்போது கொஞ்ச நேரம் வீடியோ கேம், கொஞ்ச நேரம் ஹெட்செட் என்று கொடுத்தார்கள். ஒருவருக்குத் தோல் ஒட்டிய இடத்தில் குத்தியிருந்த ஸ்டேபிள் கம்பிகளைப் பிடுங்க வேண்டியிருந்தது. வீடியோ கேம் ஆடியபோது இருந்ததைவிட ஹெட்செட்டுக்குள் இருந்தபோது வலி வெகுவாகக் குறைந்ததாக இருவருமே சொன்னார்கள்.

பிறகு தீக்காயத்துக்கென்றே ஓர் உலகத்தைச் செய்தார்கள். ஸ்னோ வேர்ல்டு என்று அதற்குப் பெயர். பனிப் பள்ளத்தாக்கு ஒன்றில் நோயாளி மெல்ல மிதந்து போகிறார். கீழே ஆறு, இரு பக்கமும் பனிச்சுவர், வழியெங்கும் பனிமனிதர்களும் பென்குயின்களும். அவற்றின் மேல் பனி உருண்டைகளை எறிய வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. கட்டுப் பிரிக்கும்போது பலருக்குத் தீப்பிடித்த அந்த நிமிடமே கண்முன் திரும்ப வந்துவிடும். அதனால்தான் நெருப்பின் நினைப்பே எழாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தலையிலும் முகத்திலும் தீக்காயம் உள்ளவர்களுக்கு ஹெட்செட்டை மாட்ட முடியாது. அவர்களுக்காக, தோலைத் தொடாமல் கண்ணெதிரே நிற்கும்படி ஒரு தாங்கியில் அதைப் பொருத்தித் தந்தார்கள். நோயாளியின் உடம்பை அறிந்தவர்கள் கூட இருந்து செய்த கருவி என்பது இதில் தெரிகிறது.

வலியை உணர மூளைக்குக் கவனம் வேண்டும். கவனமோ அளவானது. கண்ணும் காதும் கையும் ஒரே நேரத்தில் வேறோர் இடத்தில் வேலையாக இருந்தால், காயத்திலிருந்து வரும் செய்தியைப் படிக்க மூளையிடம் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். இது வெறும் வாய்ச்சொல்லா என்ற சந்தேகம் யாருக்கும் வரும். 2004இல் ஹாஃப்மன் குழுவினர் அதையும் சோதித்தார்கள். நலமாக இருக்கும் ஆட்களின் பாதத்தில், பொறுக்கும் அளவுக்குச் சூடு வைத்து, எம்ஆர்ஐ கருவிக்குள் அவர்களுடைய மூளையைப் பார்த்தார்கள். வலியோடு தொடர்புடைய ஐந்து பகுதிகளிலும் ஹெட்செட் ஓடும்போது செயல்பாடு தணிந்திருந்தது. ஆக, வாய் சொன்னதை மூளையும் சொன்னது.

இந்தக் குழுவின் இன்னோர் ஆய்வுதான் எனக்கு இன்னும் நெருக்கமானது. அதுவும் 2000இல் வந்ததுதான். தீக்காயம் பட்ட கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சியின்போது 12 நோயாளிகளுக்கு ஹெட்செட்டைக் கொடுத்தார்கள். அதாவது, என்னுடைய வேலை நேரத்தில். அங்கும் வலி குறைந்தது.

அந்தப் பனிப் பள்ளத்தாக்கு ஒரு புண்ணையும் ஆற்றியதில்லை. புண்ணைக் கழுவியது செவிலியரின் கை. முழங்கையை நீட்டியது இயன்முறை மருத்துவரின் கை. நோயாளியால் தாங்க முடியாமல் பாதியில் நின்றுபோகும் வேலையை, தாங்கிச் செய்து முடிக்க விட்டதுதான் ஹெட்செட்டின் பங்கு. அதை மாட்டியிருக்கும் நேரத்தில் வேறென்ன நடந்தது என்பதை வைத்தே இந்தச் சிகிச்சையை எடைபோட வேண்டும். மெய்நிகர் சிகிச்சை பற்றி வரும் செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான். மாட்டினார், மகிழ்ந்தார், குணமானார் என்று எழுதிவிடுகிறார்கள். நடுவில் நடந்த உழைப்பைக் காணோம்.

பக்கவாதத்துக்கு வருகிறேன். என் நாள் முழுவதும் கழிவது அதில்தான்.

மூளையில் ரத்தம் நின்றுபோன பகுதி செத்துவிட்டால் அது திரும்ப வராது. அதைச் சுற்றி இருக்கும் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ள ஒரே வழி, திரும்பத் திரும்பச் செய்வது. எத்தனை தடவை என்பதுதான் கேள்வி. பக்கவாதத்தை ஆராய, விலங்குகளுக்கு முன்கையை நீட்டி எடுக்கும் பயிற்சி கொடுத்த ஆய்வுகளில், ஓர் அமர்வில் 400 முதல் 600 தடவை செய்ய வைத்தார்கள். மூளையில் மாற்றம் தெரிந்தது. மனிதர்களுக்கு நாங்கள் எவ்வளவு கொடுக்கிறோம்? அமெரிக்காவில் கேத்தரின் லாங் என்ற ஆய்வாளரின் குழு, 300க்கும் மேற்பட்ட சிகிச்சை அமர்வுகளைப் பக்கத்தில் நின்று எண்ணி 2009இல் வெளியிட்டது. பாதிக்கப்பட்ட கையால் ஒரு வேலையைச் செய்து பழகும் பயிற்சி, அமர்வுக்குச் சராசரியாக 32 தடவை.

முப்பத்திரண்டு. அதைப் படித்த அன்று என்னிடம் வந்த ஒவ்வொரு நோயாளியின் கையையும் எண்ணிக்கொண்டே நின்றேன். அதன் பிறகு எண்ணும் பழக்கம் போகவேயில்லை. மனிதரால் நூற்றுக்கணக்கில் செய்ய முடியாதா என்றால் முடியும். அதே ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டே, பக்கவாதம் வந்து நாளாகிவிட்ட சிலரை ஒரு மணி நேரத்தில் 300 தடவைக்கு மேல் செய்ய வைத்துக் காட்டினார்கள். அதற்கு ஒரு நோயாளிக்கு ஒரு மணி நேரம் முழுதாக ஓர் ஆள் வேண்டும். நோயாளிக்கும் மனம் ஒத்துழைக்க வேண்டும். இரண்டுமே எங்களிடம் பஞ்சம். காலை வேளையில் எங்கள் பயிற்சிக்கூடத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். ஒருவருக்குக் கை, ஒருவருக்கு நடை, ஒருவருக்கு உட்காரவே பிடி வேண்டும். எல்லோருக்கும் அவசரம், வெளியே ஆட்டோ காத்துக்கொண்டிருக்கிறது.

நான் வேலை பார்ப்பது திருநெல்வேலிப் பக்கத்தில். இங்கே மளிகைக் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சிக்கு வாதம் அடித்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு சீக்கிரமே திரும்பியது. கால் ஓரளவு வந்தது. கை வரவில்லை. முழங்கை மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிக் கிடந்தன. மேசையின் இந்தப் பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் கூம்புகளை எடுத்து அந்தப் பக்கம் அடுக்கும் பயிற்சியைக் கொடுத்தேன். உலகம் முழுவதும் கொடுக்கும் பயிற்சி அது. பத்துக் கூம்பு வைத்ததும் அவர் நிமிர்ந்து, “இதை இங்கிருந்து எடுத்து அங்கே வைப்பதில் யாருக்கம்மா லாபம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாழ்நாள் முழுக்கக் கையால் நிறுத்து, மடித்து, கட்டிக் கொடுத்து வாழ்ந்த மனிதர் கேட்கிற கேள்வி. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியைக் கடனே என்றுகூடச் செய்வதில்லை என்று அவர் மகன் வந்து வருத்தப்பட்டார்.

எங்கள் கூடத்துக்கு நன்கொடையாக ஒரு ஹெட்செட் வந்திருந்தது. அதில் பழம் பறிக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. மரத்தில் தொங்கும் பழத்தைக் கை நீட்டித் தொட வேண்டும். தொட்டதைக் கொண்டுவந்து கூடையில் போட வேண்டும். பழம் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தூரத்தில் தொங்க வேண்டும் என்பதை நான் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது இந்த ஒரு வசதிதான். மரமும் பழமும் எப்படி இருந்தாலும் கவலையில்லை.

மாட்டி விட்டவுடன் எல்லாம் தானாக நடந்துவிடாது. அண்ணாச்சியைக் கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலியில் உட்கார வைத்து, மார்பைச் சுற்றி அகலத் துணிப்பட்டையால் நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டினேன். இல்லாவிட்டால் முழங்கையை நீட்டுவதற்குப் பதில் உடம்பையே முன்னால் சாய்த்துப் பழத்தைத் தொட்டுவிடுவார். பழம் கிடைக்கும், முழங்கை அப்படியே இருக்கும். விளையாட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, புள்ளியைக் கொடுத்துவிடும். அடுத்து, கைக்கருவி. இறுகிய விரல்களால் அதைப் பிடிக்க முடியாது. கருவியே இல்லாமல் வெறுங்கையைக் கேமரா படம்பிடிக்கும் முறையும் உண்டு. ஆனால் விரித்த கைகளைப் பார்த்துப் பழகிய அந்தக் கேமரா, மடங்கிய முட்டியைக் கையென்று கண்டுகொள்ளத் திணறியது. கடைசியில் கருவியை அவர் உள்ளங்கையில் வைத்துக் கிரேப் கட்டுத்துணியால் சுற்றினேன். தோள்மூட்டு சற்று இறங்கியிருந்ததால் முழங்கைக்கு அடியில் என் கையைக் கொடுத்து எடையைத் தாங்கிக்கொண்டேன். என் கை அங்கிருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய கை எழும்புவது, பழத்தை நோக்கிப் போவது.

முதல் பழம் கூடையில் விழுந்ததும் “லாபம்” என்றார் உரக்க. கடையில் அளந்து போடும்போது ஒன்று என்று தொடங்கமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். லாபம், இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் சேர்ந்து எண்ணத் தொடங்கினார். கூம்பில் பத்தைத் தாண்டாதவர், ஓய்வு விட்டு விட்டு, அன்று நூறைத் தாண்டினார். ஹெட்செட்டைக் கழற்றியபோது நெற்றி வியர்வையில் நுரைப்பஞ்சு நனைந்து, அதில் திருநீறு குழைந்திருந்தது. உழைத்த வியர்வை அது. எனக்கு அதைப் பார்த்து வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அண்ணாச்சியின் முழங்கை பிறகு ஓரளவு நீண்டது. இடது கையால் சர்க்கரையை அள்ளிப் போடும்போது வலது கையால் உறையை விரித்துப் பிடிக்கும் அளவுக்கு இப்போது வந்திருக்கிறார். ஹெட்செட்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் உடம்பே கொஞ்சம் மீளும். மகன் விடாமல் கூட்டிவந்தார். கூம்பையும் நாங்கள் கைவிடவில்லை. ஒருவரை வைத்து எதையும் நிறுவ முடியாது. நிறுவ முயன்றவர்கள் கண்டது வேறு.

கனடாவைச் சேர்ந்த குஸ்தாவோ சபோஸ்னிக் என்ற நரம்பியல் மருத்துவரின் தலைமையில் கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நாடுகளில் நடந்த எவ்ரெஸ்ட் ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் இருந்த 141 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஒரு பிரிவுக்கு, கை அசைவால் ஆடும் நின்டெண்டோ வீ விளையாட்டு. இன்னொரு பிரிவுக்குச் சீட்டாட்டம், பிங்கோ, மரக்கட்டை அடுக்கும் ஜெங்கா, பந்து எறிதல். இரு பிரிவுக்கும் ஒரே அளவு நேரம்: இரண்டு வாரத்தில் பத்து அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இரு பிரிவினரின் கையும் தேறியது. ஏறக்குறைய ஒரே அளவில்.

இதைக் கேட்டு மெய்நிகர் சிகிச்சையே வீண் என்று சொல்கிறவர்கள் உண்டு. வீ என்பது தொலைக்காட்சித் திரையில் ஓடுவது, தலையில் மாட்டும் ஹெட்செட் அல்ல என்று சமாதானம் சொல்கிறவர்களும் உண்டு. நான் அதில் பார்ப்பது வேறு. சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கையை அசைத்தவர்களும் தேறினார்கள். கையை அசைத்த நேரம்தான் மருந்து. இத்துறையின் ஆய்வுகளைத் திரட்டி காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட மதிப்பீடும் அதைத்தான் உறுதிப்படுத்தியது. 72 ஆய்வுகள், 2,470 நோயாளிகள். வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக மெய்நிகர் பயிற்சி கொடுத்தால் கைக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. வழக்கமான பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்து மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டினால் பலன் தெரிந்தது.

அதனால், இந்தக் கருவி வந்தால் இயன்முறை மருத்துவர் தேவையில்லை, ஆள் செலவு மிச்சம் என்று பேசும் விற்பனைப் பேச்சைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அண்ணாச்சியின் மார்பில் பட்டையைக் கட்டியது யார்? தோள்மூட்டு இறங்கியிருப்பதைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டது யார்? ஆள் இல்லாத இடத்தில் கருவியை வைத்தால், நோயாளி உடம்பைச் சாய்த்துச் சாய்த்துப் பழம் பறித்துவிட்டு வீட்டுக்குப் போவார். பத்து ஹெட்செட் வாங்கும் பணம் ஒரு மருத்துவமனையிடம் இருந்தால், ஒன்பதை விட்டுவிட்டு இன்னோர் இயன்முறை மருத்துவரை வேலைக்கு வைக்கட்டும். அந்த ஒற்றை ஹெட்செட்டையும் எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டால், முதலில் தீக்காய டிரெஸ்ஸிங் அறையில் வைக்கச் சொல்வேன். பட்டாசு வெடித்துக் கருகிய கைகளோடு ஆட்கள் வந்து சேரும் மாவட்டங்கள் நம்முடையவை. அடுத்ததாகத்தான் எங்கள் கூடம்.

ஹெட்செட்டுக்கு முன்பே, மிக மலிவாக, கண்ணை வைத்து மூளையிடம் வேலை வாங்கிக் காட்டியவர் நம் ஊரிலிருந்து போனவர். வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் இருந்தபடி 1990களில், கை துண்டிக்கப்பட்டவர்களின் விசித்திரமான வலியை ஆராய்ந்தார். இல்லாத கை இறுக முட்டி பிடித்திருப்பது போலவும், இல்லாத நகங்கள் இல்லாத உள்ளங்கையில் பதிவது போலவும் அவர்களில் சிலர் துடித்தார்கள். திறக்கச் சொன்னால் திறக்க வரவில்லை. ராமச்சந்திரன் ஒரு பெட்டியின் நடுவில் கண்ணாடியை நிறுத்தினார். இருக்கும் கையை ஒரு பக்கம் விட்டு, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் பார்க்க வைத்தார். இருக்கும் கையை விரித்தபோது, இழந்த கையும் விரிவதைக் கண் பார்த்தது. சிலருக்கு முட்டி தளர்ந்தது, வலியும் தளர்ந்தது.

பல ஆண்டுகள் கழித்து, போரில் காலிழந்த வீரர்களிடம் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் இதைச் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குக் கண்ணாடி, ஒரு பிரிவுக்குத் துணியால் மூடிய கண்ணாடி, ஒரு பிரிவுக்கு மனத்தில் நினைத்துப் பார்க்கும் பயிற்சி. தினம் கால் மணி நேரம், நான்கு வாரம். கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்த எல்லோருக்கும் வலி குறைந்தது. சிறிய ஆய்வுதான், 22 பேர் சேர்ந்து 18 பேர் முடித்தது. ஆனாலும் மூடிய கண்ணாடியை வைத்து ஒப்பிட்ட அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் மேக்ஸ் ஓர்ட்டிஸ் கட்டலான் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். கண்ணாடிக்கு இன்னொரு கை நன்றாக இருக்க வேண்டும். இரண்டையும் இழந்தவர் என்ன செய்வார்? நோயாளியின் துண்டான கையின் மிச்சத்தில் கட்டலான் மின்முனைகளை ஒட்டினார். இல்லாத கையை அசைக்க நினைக்கும்போது மிச்சமிருக்கும் தசைகளில் எழும் மின்குறிப்பைக் கணினி படித்து, திரையில் நோயாளியின் உடம்போடு சேர்ந்து தெரியும் மெய்நிகர் கையை அசைத்தது. அந்தக் கையால் கார் பந்தயம் ஆடலாம். 2014இல் கட்டலான் வெளியிட்ட முதல் அறிக்கையில் இருந்தவர் 48 ஆண்டுகளாக அந்த வலியோடு வாழ்ந்தவர். 2016இல் வேறெந்தச் சிகிச்சைக்கும் மசியாத 14 பேருக்கு 12 அமர்வு கொடுத்ததில் வலி ஏறத்தாழப் பாதியானது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் பக்கம் காலை இழப்பவர்களில் சர்க்கரை நோயாளிகள் ஏராளம். இல்லாத பெருவிரல் எரிகிறது என்று சொன்னால் வீட்டில் நம்பமாட்டார்கள் என்று பயந்து மறைக்கிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஆளுயரக் கண்ணாடிதான். பீரோக் கதவில் இருக்கும் கண்ணாடியே போதும். கால்களுக்கு நடுவே வரும்படி எப்படி நிறுத்துவது என்பதை மட்டும் நான் காட்டித் தருகிறேன். பக்கவாதக் கைக்கும் இதே கண்ணாடி உதவும் என்பதை ராமச்சந்திரனும் சக ஆய்வாளர்களும் ஒன்பது நோயாளிகளை வைத்து 1999இலேயே எழுதிவிட்டார்கள். ஹெட்செட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மனநோய்க்கான மெய்நிகர் சிகிச்சை என் துறையில்லை, அதனால் அதிகம் பேசமாட்டேன். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டின் டேனியல் ஃப்ரீமன் குழு 346 நோயாளிகளிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு, எங்கள் கூடத்துக்கும் பாடம். மனச்சிதைவு போன்ற நோயால் வீட்டைவிட்டு வெளியே வர அஞ்சுகிறவர்களை ஹெட்செட்டுக்குள் தெருவுக்கும், பஸ்ஸுக்கும், கடைக்கும், மருத்துவரின் காத்திருப்பு அறைக்கும் கூட்டிப்போனார்கள். வெளியே போவதைத் தவிர்ப்பது குறைந்தது. அச்சம் மிகக் கடுமையாக இருந்தவர்களுக்கே அதிகப் பலன். பக்கவாதம் வந்து ஒருமுறை விழுந்தவர், கால் நன்றாக வந்த பிறகும் வாசற்படி இறங்கமாட்டார். அந்தப் பயத்துக்கு எங்களிடம் கூம்பும் இல்லை, பட்டையும் இல்லை.

இங்கே இதைப் பயன்படுத்த நினைக்கும் இளைய இயன்முறை மருத்துவர்களுக்குச் சில சொல்வேன். ஆரம்பத்தில் எல்லோரையும் உட்கார வைத்தே செய்யுங்கள். ஹெட்செட்டை மாட்டியவருக்குத் தான் நிற்கும் தரை தெரியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல. ஏற்கெனவே ஒரு பக்கம் தள்ளுகிறவர் விழுந்தால், இடுப்பு எலும்பு போய்விடும். வலிப்பு வந்த வரலாறு உண்டா என்று கேளுங்கள். கண் நகர்கிறது என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நகரவில்லை என்கிறது. இந்த முரணில்தான் குமட்டலும் தலைசுற்றலும் வருகின்றன. காட்சி தானாக ஓடும் விளையாட்டுகளைத் தவிர்த்து, நோயாளி ஓரிடத்தில் இருந்து கையை மட்டும் நீட்டுகிற விளையாட்டாகப் பாருங்கள். முதல் நாள் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பெண்களுக்குக் கொண்டை பின்பட்டையில் இடிக்கும். பின்னலாகப் போட்டுவரச் சொல்லலாம். எண்ணெய் தேய்த்த தலை, குங்குமம், வியர்வை எல்லாம் நுரைப்பஞ்சில் இறங்கும். துடைக்கக்கூடிய ரப்பர் உறை வாங்கி, ஆளுக்கு ஆள் துடையுங்கள்.

பெரிய குறை உள்ளே ஓடும் காட்சிகள்தான். சமையல் பயிற்சி என்று வந்த ஒரு மெய்நிகர் சமையலறையில் ஓவனும் டோஸ்டரும் இருந்தன. அறுபது ஆண்டு அடுப்படியில் நின்ற ஓர் அம்மாவை அதற்குள் கூட்டிப்போனேன். அடுப்பு எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தார். கட்டளைக் குரல் ஆங்கிலத்தில். அது ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் அவர் காதருகே குனிந்து தமிழில் சொன்னேன். அவர் கவனம் என் குரலுக்கும் அந்தக் குரலுக்கும் நடுவில் சிதறியது. கவனத்தை முழுதாக இழுக்க வேண்டிய கருவி, அந்த ஒரே வேலையைச் செய்ய முடியாமல் நின்றது.

இங்கே ஆட்கள் இல்லாமல் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து புளூட்டோ என்ற கைப்பயிற்சி எந்திரத்தை உருவாக்கியிருக்கிறார்கள். ஒரே மோட்டார், அதில் கைப்பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தினால் மணிக்கட்டை மடக்கலாம், முன்கையைத் திருப்பலாம், விரல்களைத் திறந்து மூடலாம். முன்னால் திரையில் விளையாட்டு. எளிய வேலைப்பாடு, சின்ன உருவம். நோயாளிகளோடு தினம் புழங்குகிறவர்களும் பொறியாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இப்படித்தான் கருவி வரும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிலர், இறுதியாண்டுத் திட்டத்துக்காக என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் மூன்று காட்சிகள் கேட்டிருக்கிறேன். ஒன்று, தோசைக்கல்: மாவை ஊற்றி வட்டமாகத் தேய்ப்பதில் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் சேர்ந்து சுழல வேண்டும், அதைவிட நல்ல பயிற்சியை நான் கற்பனை செய்ய முடியாது. இரண்டு, டவுன் பஸ்ஸின் படி, கீழே இறங்கிய பயணிகளோடும் பின்னாலிருந்து வரும் ஹாரன் சத்தத்தோடும். மூன்று, மளிகைக் கடை. உடம்பைச் சாய்த்து எட்டினால் புள்ளி விழக் கூடாது, முழங்கை நீண்டால்தான் விழ வேண்டும் என்பதும், எத்தனை தடவை கை நீண்டது என்ற எண்ணிக்கை எனக்குத் தனியாகத் தெரிய வேண்டும் என்பதும் என் நிபந்தனைகள். குரல் முழுக்கத் தமிழில்.

முதலில் தயாராகிக்கொண்டிருப்பது கடைதான். பருப்பு மூட்டை, தராசு, தாள், சணல் எல்லாம் வந்துவிட்டன. பொட்டலத்தைச் சணலால் சுற்றும் அசைவை எப்படிக் காட்டுவது என்பதில்தான் மாணவர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். முடிந்ததும் அதை முதலில் மாட்டிப் பார்க்கப்போகிறவர் அண்ணாச்சி. தராசின் முள் நடுவில் நிற்காவிட்டால் அவர் விளையாட்டைத் தொடங்கவே மாட்டார் என்று அவர்களிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.